மரக்குழலும் மூங்கிற்குழலும்

பார்தோல்ட் கொய்கன் என்னும் பெல்ஜியக் குழலிசைஞரைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். பழவேற்காட்டில் உட்கார்ந்துகொண்டு ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்து மனிதரைப் பற்றி எழுத உனக்கென்ன வந்தது என்று கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு முகாரிப் பதத்தின் சரணத்தினால் வந்தது. அந்த விஷயத்துக்கு வருமுன் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கொய்கன் 1949இல் பிறந்தவர். பழைய ஐரோப்பிய இசையில் ஈடுபட்டவர்கள் அறிந்த மூன்று சகோதரர்களில் இளையவர். மூத்தவர் வீலண்ட், வியோலா ட காம்பா வாசிப்பவர். அடுத்தவர் சிகிஸ்வால்ட், வயலின்காரர். 1972இல் ‘லா பெடீட் பாந்த்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கியவர் இவர்தான். பார்தோல்ட் ப்ரூஹ, ப்ரஸ்ஸல்ஸ், தி ஹேக் நகரங்களின் இசைக்கல்லூரிகளில் புல்லாங்குழல் பயின்றார். அங்கே கற்பித்தது நவீனக் குழல். இன்று மேற்கத்திய இசைக்குழுக்களில் நாம் காணும், வெள்ளிபோல் மின்னும், உடல் முழுதும் மூடிகளும் நெம்புகோல்களும் பூட்டிய கருவி. மியூனிக்கைச் சேர்ந்த தியோபால்ட் போம் 1832இல் ஒரு மாதிரியும் 1847இல் அதைத் திருத்தி உருளை வடிவ உலோக மாதிரியும் செய்தார். அதற்குப்பின் ஐரோப்பாவில் பழைய மரக்குழல் படிப்படியாக மேடையை விட்டு இறங்கியது.

அந்த மரக்குழலைத்தான் ‘டிராவெர்சோ’ என்கிறார்கள். ஆறு துளைகள். வலது கைச் சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு விசை. வாயருகே அகன்று நுனி நோக்கிக் குறுகும் உட்கூடு. பாக் எழுதியது இந்தக் குழலுக்கு. ப்ரஷ்ய மன்னர் பிரெடரிக் தன் அரண்மனையில் வாசித்தது இதை. கொய்கன் மாணவராக இருந்த நாளில் இதைச் சொல்லிக்கொடுக்க அநேகமாக ஆளில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்று கைமாறிவந்த சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறுந்து கிடந்தது. பிரான்ஸ் ப்ரூகென் போன்ற சிலர் அதைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். கொய்கன் அவரிடம் ரெகார்டர் என்னும் நேர்குழல் பயின்றவர்.

இந்த நிலையில் அவருக்கு ஒரு பழைய குழல் அகப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ப்ரஸ்ஸல்ஸில் ராட்டன்பர்க் என்ற கைவினைஞர் செய்தது. அந்தக் குழலே தன் மிகச் சிறந்த ஆசிரியர் ஆனது என்று கொய்கனின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. முதலில் படித்தபோது இதை ஓர் அலங்காரப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். கலைஞர்கள் கருவிகளைப் பற்றி இப்படியெல்லாம் சொல்வது உண்டு. இன்று அது நேர்ப்பொருளிலேயே சரி என்று நினைக்கிறேன்.

நவீனக் குழலில் எல்லா ஸ்வரங்களும் ஒரே பருமனில் ஒலிக்கும். போம் அதற்காகவே பாடுபட்டார். டிராவெர்சோவில் அப்படியில்லை. துளைகளை வரிசையாகத் திறந்தால் கிடைக்கும் ஸ்வரங்கள் துலக்கமாக இருக்கும். இடைப்பட்டவற்றுக்கு விரல்களைக் குறுக்குமறுக்காக வைக்கவேண்டும். அவை மங்கலாக, திரைக்குப் பின்னிருந்து வருவதுபோல் வரும். நவீனக் குழலுக்குப் பழகியவர் இதைக் குறை என்றே எண்ணி, பலமாக ஊதிச் சமன் செய்யப் பார்ப்பார். அப்போது கருவி பிசிறும். அந்த வழி தனக்குச் சம்மதமில்லை என்று அது தெரிவிக்கும் முறை அது. மெல்ல ஊதினால், மங்கிய ஸ்வரத்தை மங்கலாகவே விட்டால், பாக்கின் ஒரு வாக்கியம் திடீரென்று பேச்சாக மாறும். எது மங்கும் எது துலங்கும் என்று அறிந்துதான் அக்காலத்தவர் எழுதினார்கள். இதை எந்தப் புத்தகமும் கொய்கனின் உதட்டுக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் புத்தகங்களும் இருந்தன. 1707இல் பாரிஸில் ஓத்தெதேர் எழுதிய குழல் பாடநூல். 1752இல் பெர்லினில் குவாண்ட்ஸ் எழுதிய பெரிய நூல். இவர்தான் மன்னர் பிரெடரிக்கின் குழலாசிரியர். நாக்கை எப்படித் தட்டுவது என்பதற்கு இவற்றில் சொற்கட்டுகள் உண்டு. ஓத்தெதேர் ‘து’, ‘ரு’ என்கிறார். நம் நாகஸ்வரக்காரர்கள் துத்துக்காரம் என்பதை நினைத்துக்கொண்டேன். இன்னொன்று எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. ஒரு ஸ்வரத்தை ஊதிக்கொண்டே அடுத்த துளையின் விளிம்பை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எடுத்து அந்த ஸ்வரத்தை அசைப்பார்களாம். பிரெஞ்சில் அதற்கு ‘ஃப்ளாத்மான்’ என்று பெயர். கமகம் என்று சொல்ல நா எழுகிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். பிறவியிலேயே அசையும் ஸ்வரம் நம்முடையது, அவர்களுடையதோ நின்ற ஸ்வரத்துக்குப் பூட்டும் நகை. இருந்தாலும் பாரிஸில் ஒருவன் துளையின் விளிம்பில் விரலை உருட்டிக்கொண்டிருந்தான் என்பதே எனக்கு நெருக்கமாக இருந்தது.

அந்தக் கால பிரெஞ்சு இசையில் எட்டு ஸ்வரங்களைச் சம அளவாக எழுதியிருப்பார்கள். வாசிக்கும்போது அவற்றை நெடிலும் குறிலுமாக ஏற்றத்தாழ்வோடு வாசிக்கவேண்டும். ஏட்டில் அது இராது. எல்லோருக்கும் தெரியும் என்பதால் எழுதவில்லை. எல்லோரும் செத்துப்போனபின் யாருக்கும் தெரியாமல் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வழியில் நடந்த பிறகு 2013இல் கொய்கன் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘ஸ்வரக்குறிப்பு இசையாகாது’ என்பது அதன் தலைப்பின் பொருள். வாழ்நாள் முழுவதும் ஏட்டை நம்பி வாழ்ந்தவர் வைத்த தலைப்பு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு கர்நாடக சங்கீத வித்வான் இப்படிச் சொல்லியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்போம்.

நிற்க.

நான் பொன்னேரிப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் ஆறு ஆண்டுகள் புல்லாங்குழல் கற்றேன். நாகஸ்வரக் குடும்பத்தவர். மூச்சுக்கோளாறினால் நாகஸ்வரத்தை விட்டுக் குழலுக்கு வந்தவர். பாடம் முழுவதும் வாயால்தான். அவர் பாடுவார், நான் பாடுவேன், அவர் பாடுவார், நான் பாடுவேன், பிறகே குழல். நோட்டுப் புத்தகம் எடுத்துப்போன முதல் நாளன்று, “அது வண்ணான் கணக்குக்கு ஆவும் தம்பி, பாட்டுக்கு வேணாம்” என்றார். கடைசியாக அவர் தொடங்கிய பாடம் க்ஷேத்ரய்யாவின் முகாரிப் பதம். பல்லவியும் அனுபல்லவியும் ஆயிற்று. மழை நிற்கட்டும், சரணத்துக்கு வா என்றார். மழை நின்றபோது அவர் இல்லை. அவருடைய குழலை வீட்டார் என்னிடம் தந்தார்கள். பாதிப் பதமும் ஒரு மூங்கிலும் பாக்கி.

இது நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாள் சரணத்தை நான் தேடாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஸ்வரப்படுத்திய பதப் புத்தகம் கையிலேயே இருக்கிறது. ஆனால் முகாரியின் தைவதம் என்று ஒன்று இருக்கிறது. ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொரு தைவதம். இரண்டுக்கும் புத்தகத்தில் ‘த’ என்ற ஒரே எழுத்துதான். எந்த ‘த’ எவ்வளவு தாழ்ந்து, எங்கே தொங்கி, எதைத் தொட்டு மீள்கிறது என்பது அந்த எழுத்தில் இல்லை. முகாரியின் துயரம் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்த ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் சுப்பராம தீக்ஷிதர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இட்டு அச்சேற்றினார். அந்த உழைப்பை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. ஆயினும் அந்தக் குறிகளும், முன்பே கேட்டவருக்கு நினைவூட்டுமே ஒழிய, கேளாதவருக்குக் கேட்பிக்கமாட்டா.

பழைய பாட்டைக் குழலில் வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர் நம்மிடையிலும் ஒருவர் இருந்தார். டி. விஸ்வநாதன். 1927இல் பிறந்து 2002இல் அமெரிக்காவில் மறைந்தார். வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி, மிருதங்கம் ரங்கநாதன் இவருடைய அண்ணன். பாட்டி மறைந்த 1938இல் இவருக்குப் பதினொரு வயது. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வாசித்ததைக் கேட்க ஊரின் பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. க்ஷேத்ரய்யா பதங்களுக்கு அந்த வீடு ஒரு கருவூலம். தாயார் ஜயம்மாளின் பாட்டிலும் அக்காவின் ஆட்டத்திலும் அவை உயிரோடு இருந்தன. குழல் பயின்றது திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம். அவரும் நாகஸ்வரக் குடும்பத்தவர்.

விஸ்வநாதனின் வாசிப்பில் வேகம் காட்டும் ஆசை இல்லை. பாட்டின் சொல் குழலில் கேட்கவேண்டும், அவ்வளவுதான். கச்சேரி நடுவே குழலை இறக்கிவைத்து அந்த வரியைப் பாடுவார். பிறகு அதே வரியை ஊதுவார். எங்கே வாய் நின்று எங்கே மூங்கில் தொடங்கியது என்று பிரித்தறிவது கடினம். மாலியின் மின்னல் வாசிப்பில் மயங்கிய தலைமுறைக்கு இது அடக்கமாகத் தோன்றியிருக்கலாம். 1975 முதல் கடைசிவரை வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1988இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதளித்தது. அமெரிக்க அரசின் கலைநிதி அமைப்பு 1992இல் மரபுக் கலைஞர்களுக்கான விருதைத் தந்தது. மைலாப்பூரில் பேசப்பட்டதைவிட கனெக்டிகட்டில் அதிகம் பேசப்பட்டாரோ என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

க்ஷேத்ரய்யாவின் காலம் 17ஆம் நூற்றாண்டு. 1634 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட விஜயராகவ நாயக்கரின் அவையில் அவர் இருந்தார். அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம். 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மேடும் அகழியும் புதர்மண்டிக் கிடக்கின்றன. கடைத்தெருவை ஒட்டி அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டு நிற்கும். உள்ளே மலர்க்கொடியும் கப்பலும் குலச்சின்னமுமாக நீண்ட பலகைக் கற்கள். சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு இறால் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அதே காலத்தில் ஊட்ரெக்ட் நகரில் யாக்கோப் வான் எய்க் என்று ஒரு பார்வையற்ற மணியிசைஞர் இருந்தார். மாலை வேளைகளில் தேவாலய முற்றத்தில் நின்று வழிப்போக்கர்களுக்காக ஒரு சிறு நேர்குழலை ஊதுவார். அதற்காக 1649இல் சம்பளத்தைக் கூட்டினார்கள். அவர் ஊதியவை அன்று ஊரே அறிந்த பாட்டுகளும் தேவாலயத்தில் பாடும் சங்கீதங்களும், அவற்றின் மேல் எழுப்பிய விரிவுகளும். கண் தெரியாதவர் என்பதால் வாசிக்க வாசிக்க வேறு யாரோ எழுதினார்கள். அது ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி, இன்றும் நேர்குழல் பயில்பவர் கையில் இருக்கிறது. அதே ஜெனிவாச் சங்கீதங்களைத்தான் பழவேற்காட்டுத் தேவாலயத்திலும் டச்சுக்காரர்கள் ஞாயிறுதோறும் பாடினார்கள். தமிழ் பைபிளில் அதற்குச் சங்கீதம் என்றே பெயர் அமைந்தது நல்ல பொருத்தம். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம் சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1651இல் அது லெய்டனில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் சுலோகங்கள் டச்சு மொழிக்குப் போனது அந்த வழியில். சொல் கப்பலேறிப் போகும். அன்று பத்மநாபன் அந்தச் சுலோகங்களை எந்தக் குரலில் சொன்னார் என்பது கரையிலேயே நின்றுவிட்டது.

கும்பகோணத்தில் 1872இல் பிறந்து 1904இல் மறைந்த சரப சாஸ்திரிகளும் பார்வையற்றவர். குழலைத் தனிக்கச்சேரிக் கருவியாக்கியவர் என்று நாம் போற்றுபவர். அவருக்கும் முன்மாதிரி என்று ஒரு குழல்மேதை வாய்க்கவில்லை. பாட்டைக் காதால் வாங்கி, மூங்கிலிடம் கேட்டுக் கேட்டு வழி கண்டார். கொய்கனுக்கு மரமும் ஏடும் இருந்தன, குரல் இல்லை. சாஸ்திரிகளுக்குக் குரல்கள் இருந்தன, குழலுக்கான ஏடு இல்லை. விஸ்வநாதனுக்குப் பாட்டியும் தாயும் குருவும் ஒரு வீட்டுத் தூரத்தில் இருந்தார்கள்.

நம்மவர்கள் இங்கே ஒரு பெருமை பேசுவார்கள்: ஐரோப்பியர் தங்கள் பழைய இசையைத் தோண்டியெடுக்கவேண்டியிருக்கிறது, நமக்கோ அது அறாமல் வந்திருக்கிறது என்று. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். நாயக்கர் அவையில் ஒலித்த மெட்டுதான் ஜார்ஜ் டவுனில் ஒலித்தது என்று யார் உறுதி சொல்ல முடியும்? வாய்வழி வருவது ஒவ்வொரு வாயிலும் சற்று மாறித்தான் வரும். மாறியது தெரியாமலே மாறும் என்பதுதான் அதன் அழகும் ஆபத்தும். கொய்கனுக்குத் தான் எதை இழந்திருக்கிறோம் என்பது தெரியும். நமக்கு அது தெரியவே தெரியாது.

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இறால் வலை கட்டும் இடங்களைக் குப்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம். எந்த நாள் யாருக்கு எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைத்துச் சொல்வார்கள். தகராறு வந்து எழுத்தில் வைத்தபோது, எழுதியதற்கும் சொல்லிவந்ததற்கும் வித்தியாசம் இருப்பதாக இரு தரப்பும் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இரு தரப்பிலும் பொய் சொல்பவர்கள் இல்லை.

சரணத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குழல் கற்க வரத் தொடங்கினாள். குப்பத்துப் பெண். தகப்பனார் படகுக்காரர். கைபேசியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக் கேட்டு ஏற்கெனவே நாலைந்து பாட்டு ஊதுகிறாள். மூச்சு நன்றாக இருக்கிறது. பல்லவியும் அனுபல்லவியும் நான் வாங்கிய வழியிலேயே அவளுக்குக் கொடுத்தேன். ஒரு நாள், “மீதி எங்க சார்?” என்றாள்.

“இவ்வளவுதான் எனக்கு வந்துச்சு.”

“புக்ல இருக்குமே சார்?”

புத்தகத்தில் இருக்கிறது என்பது உண்மை. இதை இவளுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பாதிப் பதம்தான் இவள் வழியாகவும் போகும். சொல்லிக்கொடுத்தால், என் ஆசிரியர் கொடுக்காத ஒன்று அவர் கொடுத்ததோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த வாயில் அவர் கொடுத்ததாகவே போகும். பெரிய உலகத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை என்பதை அறிவேன். எனக்கு இரண்டு வாரம் தூக்கம் சரியாக இல்லை. அப்போதுதான் கொய்கனின் ராட்டன்பர்க் குழல் நினைவுக்கு வந்தது.

ஆசிரியரின் குழலை உறையிலிருந்து எடுத்தேன். அதன் சுருதி நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவே எங்கோ நிற்கும். அதனால் கச்சேரிக்கு உதவாது என்று உள்ளேயே வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் எட்டுத் துளைகளில் சிலவற்றின் விளிம்பு மற்றவை போல் இல்லை. தைவதத்தை அரைத்துளையாக்கும் விரலின் கீழ், ஒருபக்கம் மட்டும் மூங்கில் வழவழத்துச் சற்றே சரிந்திருக்கிறது. விரலைத் தூக்காமல் அந்தப் பக்கமாக உருட்டியிருக்கிறார். நான் இத்தனை நாளும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்த விரல் அது. என் குழலில் அப்படித்தான் வசதி. இவருடையதில் அந்தச் சரிவில் விரல் தானாகப் படிந்தது. தைவதம் கேளாத ஒரு வழியில் இறங்கியது. அனுபல்லவியின் கடைசி வரியை ஊதிப் பார்த்தேன். அவர் பாடியது காதில் இருந்தது. குழலில் இப்போதுதான் கேட்டது.

சரணத்தின் முதல் வரியைப் புத்தகத்திலிருந்து எடுத்தோம். ‘த’ வரும் இடமெல்லாம் அவளையே அந்தக் குழலில் விரல் வைக்கச் சொன்னேன். இரண்டு இடங்களில் குழல் ஒத்துப்போயிற்று. மூன்றாவது இடத்தில் புத்தகம் ஒன்று சொல்கிறது, விரல் வேறொன்றுக்குப் போகிறது. இரண்டையும் வாசித்துப் பார்த்தோம். அவளுக்கு விரல் போன வழி பிடித்திருக்கிறது. எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு, இது ஐயாவிடம் கேட்டதில்லை என்று எழுதிவைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரி.